ஜோன்ஸுன்னா எந்த ஜோன்ஸ்?

நான் வேலை பாக்குற மருந்துக்கடையில ரெடியான மருந்துப் பையெல்லாம் சர்நேம் வரிசையில ரேக்குல அடுக்கி வச்சிருப்போம். வேல்ஸ்ல கார்மார்தன் பக்கம் ஒரு சின்ன ஊரு. க்யூ, எக்ஸ், இஸட் எல்லாம் சேர்ந்து ஒரு மூலையில காத்து வாங்கிட்டு கிடக்கும், ஜே எழுத்துக்கு மட்டும் தனியா ரெண்டு தட்டு, அதுவும் பிதுங்கி வழியும். வந்த புதுசுல ஒரு வயசான அம்மா வந்து "ஜோன்ஸ்"னாங்க, நானும் போயி கைக்கு வந்த பையை எடுத்துட்டு வந்துட்டேன், நல்லவேளை கையில குடுக்கறதுக்கு முன்னாடி அட்ரஸ் கேட்டேன், அது வேற ஜோன்ஸ். மறுபடி போயி எடுத்தேன், அதுவும் வேற. கூட வேலை பாக்குற உள்ளூர்க்காரங்க ஒருத்தங்க சிரிச்சுட்டே வந்து, இங்க பேரைக் கேட்டு ஒண்ணும் ஆகாது, எந்தப் பண்ணைன்னு கேளு, உடனே தெரிஞ்சிடும்னாங்க. அதுக்கு மேல அந்தப் பேரு மேல ஒரு கிறுக்கு பிடிச்சிருச்சு எனக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இங்க டூரிஸ்ட் கடைகள்ல "ஜோன்ஸ் குடும்பச் சின்னம்"னு சிங்கம் கேடயம் எல்லாம் போட்ட கப்பு, சாவிக்கொத்து விக்கிறாங்க பாருங்க, சுத்த டுபாக்கூர். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி அந்த மாதிரி சின்னமெல்லாம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் தர்றது, சர்நேமுக்கு கிடையாது. அதைவிட பெரிய காமெடி, ஜோன்ஸ்ங்கிறது ஒரு குடும்பமே இல்ல. பக்கத்து வீட்டு ஜோன்ஸுக்கும் எதிர்வீட்டு ஜோன்ஸுக்கும் ரத்த சம்பந்தம் இருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான், எப்பவோ ஒரு காலத்துல அந்த வீட்டு அப்பா பேரு ஜான்.

வேல்ஸ்ல முன்னாடி நம்ம ஊரு மாதிரியேதாங்க. சர்நேம்னு ஒரு சமாச்சாரமே இல்ல. பேரு, அப்புறம் "அப்" போட்டு அப்பா பேரு, அப்னா மகன். பொண்ணுன்னா "வெர்ச்". ரெண்டு தலைமுறை பத்தலைன்னா தாத்தா, கொள்ளுத்தாத்தான்னு இன்னும் ரெண்டு மூணு அப் கோர்த்துட்டே போவாங்க. 1536லயும் 1543லயும் எட்டாம் ஹென்றி காலத்துல வேல்ஸை இங்கிலாந்தோட சேர்த்து சட்டம் போட்டு, கோர்ட்டு ஆபீஸ் எல்லாம் இங்கிலீஷ்ல மாறினதும் எழுதுற ஆளுக்கு இந்த நீளம் தாங்கல. ஒரு கதை சொல்வாங்க, கோர்ட்ல ஒருத்தரைக் கூப்பிட, தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவல் அப்னு ஆரம்பிச்சு பேரு முடியவே இல்லையாம், நீதிபதி கடுப்பாகி போதும்யா ஒழுங்கா ஒரு பேரு வச்சுக்கன்னு சொல்ல, அவரு தன் வீட்டுப் பேரான மோஸ்டினையே வச்சுக்கிட்டாராம். பெரிய வீட்டுக்காரங்க அப்படி சீக்கிரம் மாறிட்டாங்க. சாதாரண சனம் மாற 18ஆம் நூற்றாண்டு தாண்டியும் இழுத்துச்சு.

மாறினப்ப நடந்தது என்னன்னா, அன்னைக்கு அப்பா பேரு எதுவோ அது அப்படியே உறைஞ்சு போச்சு. அப் ஹவல் பவல் ஆச்சு, அப் ரீஸ் ப்ரைஸ், அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட், அப் ராபர்ட் ப்ரோபர்ட், அப் ஹ்யூ ப்யூ, அப் ஹாரி பாரி. அந்த அப்போட "ப்" மட்டும் வால் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. மத்தவங்களுக்கு பின்னாடி ஒரு "ஸ்", அதாவது ஜானோட, வில்லியமோட. ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ் எல்லாம் அப்படி வந்ததுதான். அந்த நேரத்துல புழக்கத்துல இருந்த ஆம்பளைப் பேரே கொஞ்சம், அதுல ஜான் ஏகப்பட்ட பேரு, அதனாலதான் எனக்கு ரெண்டு தட்டு.

ஜான் பேருக்கு ஹீப்ரூ மூலத்துல கடவுள் கருணை காட்டினார்னு அர்த்தம், நம்ம தமிழ் பைபிள்ல யோவான். வேல்ஸ் மொழியில அது யெயன், இவான், ஷோன்னு பல வேஷம் போடும். இவான்ல இருந்து எவன்ஸ் வந்துச்சு, அப் இவான் பெவன் ஆச்சு, ஆக ஜோன்ஸ், எவன்ஸ், பெவன் மூணும் ஒரே யோவானோட பசங்கதான். இதுல இன்னொரு கூத்து, வேல்ஸ் மொழியோட பழைய எழுத்து வரிசையில ஜேங்கிற எழுத்தே கிடையாது, இரவல் வார்த்தைக்காக அப்புறம் சேர்த்தாங்க. நாம "ஜ"வை வாங்கி வச்சுக்கிட்ட மாதிரியே. சொந்த மொழியில எழுத்தே இல்லாத ஒரு பேரு அந்த நாட்டோட நம்பர் ஒன் பேரு!

உறையறதுன்னு சொன்னேன்ல, அதை ஒரே வீட்டுல பாக்கலாம். ஆங்கிள்ஸி தீவுல ஷோன் ஷோர்னு ஒரு சின்ன விவசாயி, இங்கிலீஷ்ல ஜான் ஜார்ஜ். அவர் மகன் வில்லியம், ஊர் வழக்கப்படி அப்பா பேரு ஜானை எடுத்து வில்லியம் ஜோன்ஸ் ஆனாரு. இவரு கணக்கு வாத்தியார், 1706ல வட்டத்தோட சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்துக்கு "பை"ங்கிற கிரேக்க எழுத்தை முதல்ல போட்டவரு இவர்தான், ஸ்கூல்ல நம்மளை அழ வச்ச அதே பை. இவரு லண்டன்ல செட்டில் ஆகி அங்க பொறந்த மகனுக்கும் வில்லியம்னே பேரு. பழைய வழக்கப்படி அந்தப் பையன் வில்லியம் வில்லியம்ஸ் ஆகியிருக்கணும். ஆகல, ஜோன்ஸாவே நின்னுட்டாரு. அவர்தான் கல்கத்தா கோர்ட்டுக்கு நீதிபதியா வந்து 1784ல ஏசியாட்டிக் சொசைட்டி ஆரம்பிச்சு, ரெண்டு வருசம் கழிச்சு சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் ஒரே மூலத்துல இருந்து வந்திருக்கணும்னு பேசின சர் வில்லியம் ஜோன்ஸ். வரலாற்றுப் புத்தகத்துல நாம படிச்ச அந்த பேரு உண்மையில அவரோட தாத்தா பேரு, அப்பாவுக்கு இனிஷியலா இருந்தது.

இந்தியாவுல இன்னொரு ஜோன்ஸும் இருக்காரு, தாமஸ் ஜோன்ஸ்னு ஒரு மிஷனரி, 1841ல சிரபுஞ்சிக்கு வந்து மேகாலயா பக்கம் பேசற காசி மொழியை வேல்ஸ் மொழி ஸ்பெல்லிங் பாணியில ரோமன் எழுத்துல எழுத வச்சவரு.

அப்புறம் எங்க பாத்தாலும் ஜோன்ஸ்தான். அமெரிக்காவுல 2010 சென்சஸ்படி அஞ்சாவது இடம், பதினாலு லட்சம் பேருக்கு மேல. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல கறுப்பின மக்கள், இசையமைப்பாளர் குயின்சி ஜோன்ஸ், நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் மாதிரி. அடிமை முறை இருந்த நாட்டுல அந்தப் பேரு அத்தனை பேருகிட்ட எப்படி வந்து சேர்ந்திருக்கும்னு நினைச்சா கப்பு சாவிக்கொத்து வாங்கற ஆசையே போயிடும். 1879ல தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ் பட்டாளத்துக்கும் ஜூலுக்களுக்கும் நடந்த ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் சண்டையில, விக்டோரியா கிராஸ்ங்கிற பெரிய வீர விருது வாங்கினவங்கள்ல ரெண்டு ஜோன்ஸ், ஒருத்தர் நம்பர் 593, இன்னொருத்தர் 716, பட்டாளத்துல நம்பர் வச்சுத்தான் பிரிச்சிருக்காங்க. டேவிட் போவியோட நிஜப் பேரு டேவிட் ஜோன்ஸ், ஏற்கனவே டேவி ஜோன்ஸ்னு இன்னொரு பாடகர் இருந்ததால மாத்திக்கிட்டாரு. உலகத்துக்கே தெரிஞ்ச வேல்ஸ்காரர் டாம் ஜோன்ஸ் இருக்காரே, அவரு நிஜத்துல வுட்வர்ட்! அம்மா வழியிலதான் ஜோன்ஸ். 2006 நவம்பர்ல கார்டிஃப்ல 1,224 ஜோன்ஸுங்க ஒரே ஹால்ல கூடி, ஒரே சர்நேம்காரங்க அதிகமா கூடினதுல உலக சாதனை பண்ணாங்க, மறு வருசமே அயர்லாந்துல கேலகர்ங்கிற சர்நேம்காரங்க கூடி அதை முறியடிச்சிட்டாங்க.

இவ்வளவும் எதுக்கு சொல்றேன்னா, இப்ப நாம அந்த கோர்ட் கிளார்க் முன்னாடிதான் நிக்கிறோம். என் பேரு செந்தில், அப்பா பழனிச்சாமி. ஊர்ல இருந்த வரைக்கும் ப.செந்தில், பிரச்சனையே இல்ல. விசா ஃபார்ம்ல சர்நேம் கட்டத்துல அப்பா பேரை எழுதினேன், அன்னையில இருந்து எல்லாரும் என்னை மிஸ்டர் பழனிச்சாமின்னு கூப்பிடறாங்க, முதல் மாசம் எல்லாம் திரும்பிப் பாப்பேன், அப்பா வந்துட்டாரான்னு. பொண்ணு பொறந்ததும் பதிவு ஆபீஸ்ல சர்நேம் என்னன்னு கேட்டாங்க. பழனிச்சாமின்னு போட்டா ஏர்போர்ட்ல தொல்லை இல்ல, எல்லாருக்கும் ஒரே பேரு. ஆனா அவ கணக்குப்படி அவ செந்தில் மக, பழனிச்சாமி பேத்தி. வீட்டுக்காரி பழனிச்சாமின்னே போட்டுடுங்க நிம்மதியா இருக்கலாம்னா. நான் செந்தில்னுதான் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் இமிக்ரேஷன்ல பொறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கு, காட்டறேன், அவ்வளவுதானே. இங்கயே இப்ப கொஞ்சம் பேரு உறைஞ்ச சர்நேமை விட்டுட்டு பழையபடி அப் போட ஆரம்பிச்சிருக்காங்க, வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியோட தலைவர் ரின் அப் யோர்வெர்த் மாதிரி.

போன வாரம் எனக்கே மருந்து எழுதிக் குடுத்தாங்க, கூட வேலை பாக்குறவங்க பையை ரெடி பண்ணி ரேக்குல வச்சிருந்தாங்க. போயி பாத்தா பி தட்டுல, பாரிக்கும் பவலுக்கும் ப்ரைஸுக்கும் முன்னாடி, பழனிச்சாமின்னு எங்கப்பா உக்காந்திருக்காரு.