சாட் கருவி கொடுத்தால் போதுமா?

நல்ல கருவியைக் கொடுத்துவிட்டால் பல நாட்டு மாணவர்கள் தாமாகவே சேர்ந்து மென்பொருள் எழுதிவிடுவார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் ஸ்வீடனில் படித்தபோது ஒரு மென்பொருள் பாடத்துக்கான எங்கள் குழுவில் பாதிப் பேர் அங்கே, மீதிப் பேர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில். சாட் செய்ய ஸ்லாக், நிரலைப் பகிர கிட்ஹப், காணொளியில் பேச ஜூம் எல்லாமே இருந்தன. முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை, சரியான சோம்பேறிகள் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம், அப்புறம்தான் தெரிந்தது அவர்களுக்கு அப்போது தேர்வு, போதாததற்கு இந்தப் பாடத்துக்கு அங்கே மதிப்பெண்ணும் குறைவு! இதை ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இன்னொரு கூத்து. கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு வரை தள்ளுவதில்லை, ஆக இடையில் 6 மணி நேர வித்தியாசம் 5 ஆகிவிடும். அவர்கள் வழக்கம்போல் காலை 10 மணிக்கு வந்து, காத்திருந்து, கடுப்பாகிப் போன பிறகு நாங்கள் எங்கள் மாலை 4 மணிக்கு உள்ளே நுழைந்தோம்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் மிச்சிகனின் கிராண்ட் வேலி பல்கலைக்கழகமும் 1990களின் கடைசியிலேயே ரூன்ஸ்டோன் என்ற பெயரில் இப்படிக் கூட்டுக் குழுக்களை நடத்தின. அப்போது கிட்ஹப்புக்கு அடித்தளமான கிட் கூடப் பிறக்கவில்லை, அது 2005இல்தான் வந்தது. எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது ஒரு சாதாரண அட்டவணைதான்: யாருக்கு எந்த வாரம் தேர்வு, யார் எந்த நேரத்தில் பதில் சொல்வார்.