பற்று அல்ல, அலுமாரியில் இருக்கும் இறுவட்டுகள்

தொலைக்காட்சியில் இணைத்து வீடியோ விளையாட்டு ஆடும் கருவியான கொன்சோலின் புதிய தலைமுறைக்கு மாறும்போதும் பலர் பழைய நிறுவனத்தையே நாடுவது வெறும் பெயர்ப்பற்று என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டில், கனடாவிலிருந்து வந்த சித்தப்பா தந்த, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 4 இன்றும் இயங்குகிறது. அதன் கைக்கருவியில் இடது பெருவிரல் படும் இறப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் வெளியே தெரிகிறது. அடுத்து எதை வாங்குவது என்று தம்பியும் நானும் கதைத்தபோது நிறுவனத்தின் பெயரை எண்ணவில்லை, அலுமாரியில் அடுக்கியிருந்த 14 விளையாட்டு இறுவட்டுகளைத்தான் எண்ணினோம்.

2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, முந்தைய கருவியின் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஏற்கிறது; அதே மாதம் வந்த, மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸில் அவற்றைப் போட முடியாது. ஆகவே நிறுவனம் மாறுவது என்றால், பல ஆண்டுகளாகச் சேர்த்ததை விட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து காசு கொடுப்பதாகும். பிளேஸ்டேஷன் 5இலும் இறுவட்டுச் செலுத்தி இல்லாத இப்போதைய பதிப்பை வாங்கினால், செலுத்தியைத் தனியாக வாங்கிப் பொருத்தும்வரை அந்த 14உம் பயன்படா.

இந்த இடத்தைக் கட்டுரை தொடவே இல்லை. கைபேசித் தரவை நம்பியிருக்கும் எங்களைப் போன்றோருக்கு, 100 கிகாபைற்று அளவுள்ள ஒரு விளையாட்டைத் தரவிறக்குவது பெரும் செலவு. பரந்தனில் இருக்கும் நண்பனிடம் ஓர் இறுவட்டைக் கொடுத்து வேறொன்றை வாங்கிவந்து விளையாடலாம். தரவிறக்கி, வாங்கியவரின் இணையக் கணக்கில் பூட்டப்பட்ட விளையாட்டை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது.