டகோமாவையும் சேர்த்துப் படியுங்கள்

அலாஸ்காவின் தொடக்ககால நீதிபதிகளில் என்னை அதிகம் ஈர்த்தவர் ஜேம்ஸ் விக்கர்ஷாம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அவருடைய வாழ்க்கையின் ஒரு பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1857-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில், முன்னாள் கவர்னர் ஜான் பாமரின் அலுவலகத்தில் சட்டம் பயின்றார். 1883-ல் மேற்குக் கரையில் இருக்கும் டகோமாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வழக்கறிஞர், நகரத்தின் சட்ட அலுவலர், சட்டமன்ற உறுப்பினர் என்று படிப்படியாக வளர்ந்தார். 1900-ல் ஜனாதிபதி மெக்கின்லி அவரை அலாஸ்காவின் மூன்றாம் கோட்டத்துக்கு நீதிபதியாக அனுப்பினார்.

அந்தக் கோட்டத்தின் பரப்பு சுமார் 3,00,000 சதுர மைல். தலைமையிடம் யூக்கான் ஆற்றங்கரையில் கனடா எல்லையை ஒட்டிய ஈகிள் என்ற சிற்றூர். அங்கே நீதிமன்றக் கட்டடமும் இல்லை, சிறையும் இல்லை. சாராயக் கடைகள் உள்ளிட்ட வணிகங்களிடம் உரிமக் கட்டணம் வசூலித்து அவரே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1901 பிப்ரவரியில், உறைந்து கிடந்த யூக்கான் ஆற்றின் மேல் நாய் வண்டியில் கிளம்பி, சர்க்கிள் வழியாக ராம்பார்ட் வரை போய் வழக்கு விசாரித்தார். வழக்காளிகளை ஈகிளுக்கு வரச் சொல்லி வாய்தா போட்டிருந்தால் அந்தக் குளிரில் யார் வந்திருக்க முடியும்? நீதிமன்றம்தான் ஜனங்களைத் தேடிப் போக வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். அந்த மனசை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அடுத்தது நோம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கடற்கரை மணலிலேயே தங்கம் கிடைத்த ஊர் அது. 1900 ஜூலையில் ஆர்தர் நாய்ஸ் என்ற நீதிபதி அங்கே வந்து இறங்கினார். கூடவே வந்தவர் அலெக்சாண்டர் மெக்கென்சி என்ற அரசியல் பெரும்புள்ளி. வந்த சில நாட்களிலேயே, எதிர்த்தரப்பைக் கேட்காமல், வளமான சுரங்கங்களுக்கெல்லாம் ரிசீவர் நியமித்தார் நாய்ஸ். ரிசீவர் யார்? அதே மெக்கென்சி. வழக்கு முடியும்வரை சொத்தைப் பாதுகாக்க வேண்டியவர், ஆள் வைத்து இரவு பகலாகத் தங்கத்தைத் தோண்டி எடுத்தார். சுரங்கக்காரர்கள் சான்பிரான்சிஸ்கோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்கி வந்தும் இவர்கள் மதிக்கவில்லை. கடைசியில் மெக்கென்சிக்கு ஓராண்டு சிறை. ஆனால் மெக்கின்லி மன்னித்து, சில மாதங்களில் வெளியே விட்டுவிட்டார். நாய்ஸுக்கு 1,000 டாலர் அபராதம், பிறகு பதவியும் போனது. 1901-ல் அந்த நாறிப்போன நீதிமன்றத்தைச் சரிசெய்யப் போனவர்தான் விக்கர்ஷாம். தேங்கிக் கிடந்த வழக்குகளை ஒவ்வொன்றாக முடித்து, நீதிமன்றத்தின் மேல் ஜனங்களுக்கு மறுபடி நம்பிக்கை வரவைத்தார்.

ஃபேர்பாங்க்ஸ் ஊருக்கு அந்தப் பெயர் வரக் காரணமானதும், 1903-ல் டெனாலி மலையில் ஏற முயன்று பாதியில் திரும்பியதும் எல்லோரும் எழுதுகிற கதைகள். அதை விடுகிறேன்.

நான் சொல்ல வந்தது 1885 நவம்பர் 3 பற்றி. அன்று டகோமாவில் சில நூறு பேர் கும்பலாகத் திரண்டு, சீனர்களின் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, சுமார் 200 பேரை வெளியே இழுத்தார்கள். கொட்டும் மழையில் அவர்களை லேக்வியூ ரயில் நிலையம் வரை நடத்திப்போய் போர்ட்லண்டுக்கு அனுப்பினார்கள். பிறகு குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். நகர மேயரே முன்னின்று நடத்திய காரியம் இது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 27 பேர். ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்த 27 பேரில் விக்கர்ஷாமும் ஒருவர்.

"இளமைக் காலத் தவறு" என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. அப்போது அவருக்கு 28 வயது. அதைவிட முக்கியம், உயில், வாரிசுரிமை வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட நீதிபதியாக அவர் பதவியில் இருந்தார். ஒருவனுடைய வீடும் பொருளும் சட்டப்படி யாருக்குச் சேரும் என்று தீர்ப்புச் சொல்வதுதான் அவருடைய வேலையே. 1916-ல், சுமார் 30 ஆண்டு கழித்து, எழுதிய கடிதத்திலும் அவர் வருந்தவில்லை. சீனர்கள் கடுமையான உழைப்பாளிகள், சம வாய்ப்புக் கொடுத்தால் நம்மவர்களை மிஞ்சிவிடுவார்கள், அந்த அச்சத்தால்தான் வெளியேற்றத்தை ஆதரித்தேன் என்று விளக்கினார். அவர்கள் கெட்டவர்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை. எனக்கு ஆறாத இடம் அதுதான்.

அப்படியானால் நோமில் பார்த்த அந்த நேர்மை பொய்யா? இல்லை. அவர் சட்டத்தை உண்மையாகவே நேசித்தார். ஆனால் யாரைத் தன்னவர் என்று கணக்கில் எடுத்தாரோ அவர்களுக்குத்தான் அந்தச் சட்டத்தை முழுதாகக் கொடுத்தார். அந்த வட்டம் காலப்போக்கில் விரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1915-ல், காங்கிரஸில் அலாஸ்காவின் பிரதிநிதியாக இருந்தபோது, டனானா பள்ளத்தாக்கின் அதபாஸ்கன் பழங்குடித் தலைவர்களை ஃபேர்பாங்க்ஸில் சந்தித்தார். ரயில் வரப்போகிறது, வெள்ளையர்கள் நிலத்தையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒளிக்காமல் எச்சரித்தார். ஆனால் அவர் முன்வைத்த வழிகள் இரண்டுதான்: ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் கூடி வாழ்வது, அல்லது ஆளுக்கொரு துண்டு நிலம். தலைவர்கள் ஒதுக்கீட்டு நிலத்தை மறுத்தார்கள். பள்ளிக்கூடமும் வேலையும் கேட்டார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் தெளிவாகச் சிந்தித்தவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

1929-ல் ஹெய்ன்ஸ் நகரில் கூடிய பழங்குடியினர் மாநாட்டில், பறிபோன நிலத்துக்காக அரசின்மீதே வழக்குப் போடுங்கள் என்று டிலிங்கிட் மக்களுக்கு அவர் யோசனை சொன்னார். 1935-ல் அதற்கு வழிவிடும் சட்டம் வந்தது. 1939-ல் அவர் இறந்துபோனார். 1968-ல் டிலிங்கிட், ஹைடா மக்களுக்கு 75 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. இழந்த நிலத்துக்கு அது சொற்பம்தான். ஆனால் அந்த வழக்கின் தொடக்கத்தில் இவருடைய யோசனை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

டகோமா நகர மன்றம் 1993-ல் தன் தவறை ஏற்றுத் தீர்மானம் போட்டது. இன்று அங்கே அதற்காகவே ஒரு பூங்காவும் இருக்கிறது. ஒரு ஊரே முன்வந்து ஒப்புக்கொண்டதை, அந்த மனிதரின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இரண்டு வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. விக்கர்ஷாமின் புகழ்பெற்ற நாட்குறிப்புகளைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவை 1900 ஜனவரி 1-ல்தான் தொடங்குகின்றன. 1885 அதில் இருக்காது. அதை வேறு இடத்தில் தேடித்தான் படிக்க வேண்டும். முதலில் அதைப் படியுங்கள்.