மணி படுத்திருந்த மண்

மணி போய் இன்றோடு 11 நாள் ஆகிறது. மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி. பார்வோ என்ற வைரஸ் நோய்.

"நாய்தானே, விடுங்க தம்பி. எங்க தெருவுல ஆறு குட்டி கிடக்கு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு கொண்டாந்து தர்றேன்" என்றார் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவருக்கு அது வருத்தம்.

மணி வாந்தியும் ரத்தப்பேதியுமாகக் கிடந்தது முருங்கை மரத்தடியில். பார்வோ கிருமி அந்த மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம்கூடத் தாங்கும். செருப்பிலும் ஒட்டிக்கொண்டு போகும். 1978-ல் அடையாளம் கண்ட நோய், இரண்டு வருடத்துக்குள் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். போதாது. ப்ளீச்சிங் கரைசல் சிமெண்ட் தரைக்குச் சரி, மண்ணில் அதுவும் சரியாக வேலை செய்யாது. அங்கே இன்னொரு குட்டியை எப்படி விடுவேன்?

மண் சுத்தமானாலும் எனக்கு இப்போது முடியாது. ஒரு தட்டு உடைந்தால் இன்னொரு தட்டு வாங்குகிற மாதிரி இல்லை இது.

மணிக்கு முதல் ஊசி 7-வது வாரத்தில் போட்டோம். அடுத்தது பொங்கல் நேரத்தில் வந்தது. ஒன்று போட்டாச்சே என்ற தைரியத்தில், ஊருக்குப் போய் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியைச் சரியாக வேலை செய்ய விடாதாம். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறார்கள். டாக்டர் இதை எனக்கு விளக்கியபோது மணிக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைக் கட்டியிருந்தோம். பிளாஸ்டர் சுற்றிய முன்னங்காலை மணி இழுத்துவிடாமல் என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள் ராத்திரி வாலை ஒருதரம் ஆட்டியது. மனைவியை எழுப்பி, "பிழைச்சுக்கும்" என்றேன். விடியும்போது அந்தக் கால் சில்லிட்டிருந்தது.

"பாப்பாகிட்ட, தோட்டத்துக்குக் கொடுத்துட்டோம்னு சொல்லிடு" என்றார் அம்மா. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழி வெட்டும்போது மகளும் கூடவே நின்றாள். போன வருடம் மரத்திலிருந்து விழுந்த அணில் குட்டிக்கு அவள் இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தாள். பால் மூக்கில் ஏறி, மூச்சு இரைத்து, மறுநாள் செத்துப்போனது. அணில் குட்டிக்குப் பசும்பாலே ஆகாது. கதகதப்பாகத் துணியில் சுற்றி மரத்தடியில் வைத்திருந்தால் தாயே கவ்விக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் யாருக்கும் அது தெரியாது. "நான்தான் கொன்னுட்டேனாப்பா?" என்று கேட்டாள். "தெரியாம செஞ்சதும்மா" என்று சொல்லிச் சொல்லித் தேற்றினேன்.

இந்தத் தடவை அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. எனக்கு ஊசித் தேதி தெரிந்திருந்தது.

அண்ணன் தெருவில் இருக்கிற ஆறு குட்டிகளுக்கும் ஆறு வாரம் முடிந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை டாக்டரை அங்கே கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன், ஊசிச் செலவு என்னுடையது. அடுத்தடுத்த தேதிகளையும் அண்ணனின் போனில் நானே குறித்துக் கொடுத்துவிட்டேன். நான் மட்டும் போகமாட்டேன். என் செருப்பில் இன்னும் அந்த முருங்கை மரத்தடி மண் இருக்கிறது.