நீளமான ஷாக் மட்டும் போதாது

அண்ணே, மேடுபள்ளப் பாதையில் ஓட்டும் பக்கி வண்டிக்கு ‘பின்பக்கம் நீளமான ஷாக் (அதிர்வுதாங்கி) மாட்டினாலே டிராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம்) கூடிவிடும், வேறெதையும் தொட வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இதை நம்பி ஜோகூர் செம்பனைத் தோட்டப் பாதையில் பக்கியை இறக்குபவருக்கு முதலில் உடைவது, சக்கரத்தைச் சுழற்றும் அச்சில் உள்ள மடங்கும் இணைப்பான சிவி ஜாயின்ட்தான். போன வருஷம் எனக்கே உடைந்தது. அதற்குள் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு விரிசல் விட்டு, கிரீஸ் முழுக்க இரும்புத் துகள்.

சக்கரம் எவ்வளவு தொங்கலாம் என்பதை முடிவு செய்வது அந்த ஜாயின்ட்டின் கோணம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மெல்ல இறக்கிக்கொண்டே கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் தட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே லிமிட் ஸ்ட்ராப் (சக்கரம் அதற்குமேல் தொங்காமல் தடுக்கும் பட்டை) பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்ட்ராப் இழுபடும், அதற்கும் இடம் விடுங்கள். ஷாக்கே தடுப்பாக இருந்தால் அதன் உள்பாகம் அடிவாங்கும்.

அப்புறம் ஸ்பிரிங். சக்கரம் 10 அங்குலம் ஏறும்போது ஷாக் 6 அங்குலம் அமுங்கினால், சக்கரத்தில் கிடைப்பது ஸ்பிரிங் விறைப்பில் 36 சதவீதம்தான் (0.6 × 0.6). டிராவலுக்காக ஷாக்கின் கீழ்முனையை உள்ளே நகர்த்தி, ஷாக் அமுங்குவது 5 அங்குலம் ஆனால், 25 சதவீதமாகிவிடும் (0.5 × 0.5). பழைய ஸ்பிரிங்கையே விட்டால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.