மருந்தின் அளவையும் ஒருவர் பார்க்க வேண்டும்

எவருடைய துணையுமின்றி 30 கிலோ எடையைக் குறைத்ததாக நான் படித்த ஒரு கட்டுரையில் கூறப்படும் அன்பரின் மனவுறுதி பாராட்டுக்குரியது; ஆயினும், வைத்தியரும் போசணை ஆலோசகரும் தேவையில்லை என்ற அவரது முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

யாழ்ப்பாணத்தில் 40 வயதைக் கடந்த பலர் நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்கும் ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள். அத்தகைய ஒருவர் இரவுச் சாப்பாட்டில் பிட்டையும் இடியப்பத்தையும் திடீரென நிறுத்திவிட்டு, கிளிக்லசைட் என்னும் நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால், குருதியில் சீனியின் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவிழந்து விழவும் கூடும். என் சின்னம்மாவுக்கு இதுவே நேர்ந்தது. கிளினிக்கில் மருந்தளவைக் குறைத்த பின்னரே அவர் தேறினார்.

வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வேகம். அதைவிட மிக விரைவாகக் குறைப்போருக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்புக் கூடுகிறது. புரதமும் உடற்பயிற்சியும் போதாவிடில் கொழுப்போடு தசையும் கரைகிறது. எடை பார்க்கும் தராசு இவற்றைக் காட்டுவதில்லை. (கலியாண வீட்டில் "என்ன வருத்தமோ, இப்பிடி மெலிஞ்சு போனியள்" என்று விசாரிக்கும் நம்மவர்களைச் சமாளிக்கவே சிலருக்கு உளவளத்துணையாளர் தேவைப்படலாம்!)

தனியார் ஆலோசனைக் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மையே. ஆனால், மாதாந்தம் அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் செல்பவர்கள், எடையைக் குறைக்கப்போவதை அங்கே முன்கூட்டியே தெரிவிப்பதற்குப் பணம் எதுவும் செலவாவதில்லை.