குதிரைச் சாணியும் எங்க மணியும்

1863-ல உருவான ஏரி, நட்சத்திர வடிவம்னு கொடைக்கானலுக்கு வர்றவங்ககிட்ட பெருமையாச் சொல்லுவோம். எனக்கு இப்போ தெரிஞ்சதெல்லாம் எந்த வளைவுல குதிரைச் சாணி கிடக்கும்கிறதுதான்.

ஒரு சுத்து 5 கிலோமீட்டர். நான் நடக்கிறதில்லை, எங்க நாய் மணி இழுத்துட்டுப் போறான். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். சவாரிக் குதிரை போட்ட சாணி ஆவி பறக்கக் கிடந்தா போதும், ஐயாவுக்குச் சந்தனம் கிடைச்ச மாதிரி! தோளைச் சாய்ச்சு, கழுத்தைத் தேய்ச்சு, மல்லாந்து நாலு புரளல். கத்தினா, ஓரக்கண்ணால பார்த்துட்டு அஞ்சாவது. டூரிஸ்ட் ஒருத்தர் போட்டோ வேற எடுக்கிறார்.

வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினா, இந்த மூட்டத்துல ரோமம் காயவே சாயங்காலம் ஆகுது. ஹேர் டிரையரைக் கண்டாலே கட்டிலுக்கடியில போயிடுவான். ராத்திரி மட்டும் என் கம்பளிக்குள்ள, ஈர வாசனையோட.